எட்டாம் மாசமா, ஒன்பதாம் மாசமா? குறைப்பிரசவக் கணக்கும் நிறைமாதக் கணக்கும்

ஓர் உதாரணத்தில் இருந்து தொடங்கலாம். கடைசி மாதவிடாய் வந்தது ஜனவரி 1. குழந்தை பிறந்தது செப்டம்பர் 7. எடை 2.3 கிலோ. டிஸ்சார்ஜ் சம்மரியில் '35 வாரம் 4 நாள்' என்று எழுதி, பக்கத்தில் 'லேட் ப்ரீடெர்ம்', அதாவது நிறைமாதத்துக்குச் சற்று முந்திய குறைப்பிரசவம், என்று போட்டிருக்கிறார்கள். அப்பா ஜனவரி முதல் தேதியில் இருந்து விரல்விட்டு எண்ணுகிறார்: "எட்டு முடிஞ்சு ஒன்பதாம் மாசம் நடக்குது, பயமில்லை." பாட்டி, நாள் தள்ளிப்போன ஜனவரிக் கடைசியில் இருந்து எண்ணுகிறார்: "எங்க ஒன்பது? ஏழு முடிஞ்சு எட்டுல்ல நடக்குது! ஏழாம் மாசத்துல பொறந்தா தங்கும், எட்டாம் மாசத்துல பொறந்தா தங்காதும்பாங்களே."

குழந்தை ஒன்றுதான். எண்ணத் தொடங்கிய இடம்தான் வேறு. குறைப்பிரசவம் பற்றி வீடுகளில் எழும் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த எண்ணிக்கையில் இருந்தே வருகிறது. நுரையீரல் ஊசி போடலாமா, சிசேரியனுக்கு எந்தத் தேதி குறிக்கலாம், குழந்தை எப்போது உட்காரும் என்று பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் அந்த எண்ணிக்கையில்தான் நிற்கிறது.

கணக்கு எங்கே தொடங்குகிறது

மருத்துவர்கள் கர்ப்பத்தை எண்ணுவது கடைசி மாதவிடாயின் முதல் நாளில் இருந்து. அன்றைக்குக் கரு உருவாகியே இருக்காது. அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான் கருத்தரிப்பு நடக்கும். ஆனால் கருத்தரித்த நாள் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது, மாதவிடாய் வந்த நாள் தெரியும். அதனால் உலகம் முழுக்க அதையே தொடக்கமாக வைத்துக்கொண்டார்கள். அதில் இருந்து 280 நாள், அதாவது 40 வாரம், போனால் பிரசவத் தேதி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் ஃபிரான்ஸ் நேகல் பெயரால் நிலைத்த சூத்திரம் இது: கடைசி மாதவிடாய்த் தேதியோடு ஏழு நாள் கூட்டு, மூன்று மாதம் பின்னால் போ. ஜனவரி 1 என்றால் அக்டோபர் 8.

'பத்து மாதம் சுமந்து பெற்றவள்' என்று நாம் சொல்வதும் ஒருவகையில் இதே கணக்குதான். 28 நாள் மாதவிடாய்ச் சுழற்சியைப் பத்தால் பெருக்கினால் 280. காலண்டர் மாதத்தில் பார்த்தால் அது ஒன்பது மாதமும் ஒரு வாரமும். பழைய வழக்கு, புதிய காலண்டர் இரண்டையும் கலந்து எண்ணும்போதுதான் ஒரே வீட்டில் இரண்டு பதில் வருகிறது.

மேலே சொன்ன குழந்தைக்குக் கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படி:

1. கடைசி மாதவிடாயில் இருந்து, காலண்டர் மாதத்தில்: 8 மாதம் 6 நாள். நடப்பது ஒன்பதாம் மாதம்.
2. நாள் தள்ளிய தேதியில் இருந்து, காலண்டர் மாதத்தில்: 7 மாதம் 9 நாள். நடப்பது எட்டாம் மாதம்.
3. மருத்துவக் கணக்கில்: 35 வாரம் 4 நாள்.
4. கரு உருவானதில் இருந்து உண்மையான வயது: ஏறக்குறைய 33 வாரம் 4 நாள்.

இதில் மூன்றாவதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். மாதக் கணக்கில் ஒரே 'எட்டாம் மாசம்' என்ற சொல்லுக்குள் நான்கு வார வித்தியாசம் ஒளிந்துகொள்கிறது. குறைமாதக் குழந்தைக்கு நான்கு வாரம் என்பது மிகப் பெரிய தூரம்.

மாதவிடாய்த் தேதி நினைவில்லை, அல்லது சுழற்சி ஒழுங்கில்லை என்றால் ஸ்கேன்தான் வழி. முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் தலை முதல் பிட்டம் வரையான நீளத்தை அளந்து சில நாள் பிசகில் வயதைச் சொல்லிவிடலாம். அந்தப் பருவத்தில் கருக்கள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வளர்கின்றன. போகப்போக ஒவ்வொரு குழந்தையும் தன் போக்கில் வளர்வதால், எட்டாம் மாதத்தில் முதன்முறையாக ஸ்கேன் எடுத்தால் இரண்டு மூன்று வாரம் முன்பின் ஆகலாம். மேற்கத்தியக் குழந்தைகளின் அளவுகளை வைத்து உருவான ஹாட்லாக் சூத்திரத்தையே நம் ஸ்கேன் மையங்கள் பயன்படுத்தி வந்தன. ஐ.ஐ.டி. மெட்ராஸும் ஃபரிதாபாத்தில் உள்ள டி.எச்.எஸ்.டி.ஐ. ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, இந்தியத் தாய்மார்களின் தரவுகளைக் கொண்டு 'கர்பிணி-ஜி.ஏ.2' என்ற கணக்கீட்டு முறையை 2024-இல் வெளியிட்டதற்குக் காரணம் இதுதான். கர்ப்பத்தின் பிற்பகுதியில் வயதைக் கணிக்கும்போது வரும் பிசகைக் குறைப்பது அதன் நோக்கம்.

'அடுத்த மாதம் எடுத்துக்கலாம்' என்று முதல் ஸ்கேனைத் தள்ளிப்போடுபவர்களுக்கு இந்தப் பயன் தெரியாமல் போகிறது. அந்த ஒரு ஸ்கேன் தரும் தேதியைத்தான் அடுத்த ஏழு மாதமும் எல்லோரும் நம்பப் போகிறார்கள்.

எந்த வாரம், என்ன பெயர்

37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைப்பிரசவம். இது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதற்குள்ளும் படிகள் உண்டு:

1. 28 வாரத்துக்கும் முன்னால்: மிகமிகக் குறைமாதம்.
2. 28 முதல் 32 வாரத்துக்குள்: மிகக் குறைமாதம்.
3. 32 முதல் 37 வாரத்துக்குள்: மிதமான குறைமாதம். இதிலும் 34 வாரத்தைத் தாண்டியவர்களைத்தான் 'லேட் ப்ரீடெர்ம்' என்கிறார்கள்.

37-க்குப் பிறகு எல்லாமே நிறைமாதம் என்றுதான் முன்பு எண்ணிவந்தார்கள். 2013-இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு அதையும் பிரித்தது: 37, 38-ஆம் வாரங்கள் 'முன் நிறைமாதம்', 39 தொடங்கி 40 வாரம் 6 நாள் வரை 'முழு நிறைமாதம்', 41-ஆவது வாரம் 'பின் நிறைமாதம்', 42-ஐத் தாண்டினால் காலம் கடந்த கர்ப்பம். ஏன் பிரித்தார்கள் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இன்னொரு குழப்பம் எடையில் வருகிறது. 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை. எடை குறைந்தவை எல்லாம் குறைமாதக் குழந்தைகள் ஆகிவிடாது. 39 வாரம் முடித்துப் பிறந்து 2.2 கிலோ இருக்கும் குழந்தையும் உண்டு. அதற்கு நாள் நிறைந்திருக்கிறது, வயிற்றுக்குள் ஊட்டம் போதவில்லை. 34 வாரத்தில் பிறந்து அதே 2.2 கிலோ இருக்கும் குழந்தைக்கு வளர்ச்சி சரியாக இருக்கிறது, நாள் போதவில்லை. தராசில் இரண்டும் ஒன்று, மூச்சு விடுவதில் இரண்டும் வேறு வேறு.

2020-இல் உலகில் பிறந்த குறைமாதக் குழந்தைகள் சுமார் 1 கோடியே 34 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பத்தில் ஒன்றுக்கும் மேல். எண்ணிக்கையில் முதலிடம் இந்தியாவுக்கு, சுமார் 30 லட்சம். ஐந்து வயதுக்குள் நிகழும் சாவுகளுக்கு உலக அளவில் முதல் காரணம் குறைப்பிரசவச் சிக்கல்கள்தான்.

கடைசி வாரங்களில் உள்ளே நடப்பது

புது பலூனை முதல் தடவை ஊதிப் பாருங்கள். எவ்வளவு மூச்சுப் பிடிக்க வேண்டியிருக்கிறது! பாதி ஊதிய பலூனைத் திரும்ப ஊதுவது சுலபம். நுரையீரலில் உள்ள கோடிக்கணக்கான காற்றுப் பைகளின் கதையும் இதுதான். அவற்றின் உட்சுவர் ஈரமாக இருக்கும். அந்த ஈரப்படலம் பையை உள்நோக்கி இழுத்து ஒட்டவைக்கப் பார்க்கும். ஒட்டாமல் காப்பது 'சர்ஃபாக்டன்ட்' என்ற வழவழப்பான பொருள். சோப்பு நீரில் குமிழி உடையாமல் நிற்கிறதே, அதுபோல. சுமார் 24-ஆம் வாரத்தில் இது சுரக்கத் தொடங்கினாலும், போதுமான அளவுக்கு வர 34, 35 வாரம் ஆகிவிடும். அதற்குள் பிறந்த குழந்தை, ஒவ்வொரு மூச்சுக்கும் புது பலூனை ஊதுகிறது. மார்புக்கூடு உள்வாங்கும், மூக்குத் துவாரம் விரியும், மூச்சை விடும்போது முனகல் கேட்கும். சில மணி நேரத்தில் களைத்துப்போகும்.

1963 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்குப் பிறந்த மகன் பேட்ரிக் இப்படித்தான் இறந்தான். தேதிக்கு ஐந்தரை வாரம் முன்னால் பிறந்தவன், எடை 2.1 கிலோ. இன்றைக்கு நம் மாவட்ட மருத்துவமனையில் பார்த்துப் பிழைக்கவைக்கக்கூடிய குழந்தை. அன்று அதிபரின் பிள்ளைக்கே வைத்தியம் கிடையாது. பாஸ்டனில் உயரழுத்த ஆக்சிஜன் அறைக்குள் வைத்துப் பார்த்தார்கள். 39 மணி நேரத்தில் உயிர் போய்விட்டது. இந்த நோய்க்குச் சர்ஃபாக்டன்ட் குறைவே காரணம் என்று மேரி எலன் ஏவரி என்ற மருத்துவர் அதற்கு நான்கு ஆண்டு முன்பே கண்டுபிடித்திருந்தார். ஆனால் வெளியில் இருந்து அதைக் கொடுத்துக் காப்பாற்ற முடியும் என்று ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா காட்டியது 1980-இல்தான். காரணம் தெரிந்தும் மருந்து வர இருபது ஆண்டு ஆனது.

நுரையீரல் மட்டும் இல்லை. 35 வாரத்தில் மூளையின் எடை, 40 வாரத்தில் இருக்க வேண்டியதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் தாளம் தப்பாமல் சேர்த்துச் செய்யும் திறமை சுமார் 34 வாரத்தில்தான் கூடிவருகிறது. தோலுக்கு அடியில் கொழுப்பு சேர்வதும், கல்லீரல் மஞ்சள் காமாலையைச் சமாளிக்கப் பழகுவதும் கடைசி வாரங்களின் வேலை. அதனால்தான் 35 வாரக் குழந்தை பார்வைக்கு நிறைமாதக் குழந்தை போலவே இருந்தாலும், பால் குடிக்கும்போதே தூங்கிவிடுகிறது, உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது, மூன்றாம் நாள் மஞ்சள் ஏறி நீல விளக்கின் கீழ் படுக்க வேண்டி வருகிறது.

எட்டாம் மாசத்துக் குழந்தை தங்காதா?

தங்கும். ஏழாம் மாதக் குழந்தையை விட நன்றாகவே தங்கும். வயிற்றுக்குள் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது; நடுவில் எங்கேயும் இறங்குவதில்லை.

இந்த நம்பிக்கை நம் ஊரில் மட்டும் இருந்ததில்லை. பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் எட்டு மாதக் குழந்தையைப் பற்றி இதே பேச்சு உண்டு. எப்படி வந்திருக்கும் என்று யோசித்தால் எனக்குத் தோன்றுவது இது: ஸ்கேன் இல்லாத காலத்தில் 'ஏழு மாசம்' என்று எண்ணப்பட்டுப் பிழைத்த குழந்தைகளில் பலருக்கு உண்மையில் எட்டரை, ஒன்பது மாதம் ஆகியிருக்கும். பிழைத்ததாலேயே அந்தக் கதைகள் ஊரில் நின்றன. உண்மையான ஏழு மாதக் குழந்தைகள் பிறந்த அன்றே போயின, அவற்றைப் பற்றிப் பேச யாரும் விரும்பவில்லை. எட்டாம் மாதத்தில் பிறந்தவை சில நாள் இருந்து, முகம் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு போயிருக்கும். அந்தத் துக்கம் மறக்காது.

இந்த நம்பிக்கையால் ஏற்படும் கெடுதல் சாதாரணமானதல்ல. 'ஏழு தானே, தங்கிடும்' என்று வலியை வீட்டிலேயே பார்ப்பவர்களும் உண்டு. 'எட்டு, இனி என்ன செய்து என்ன' என்று குழந்தையை இன்குபேட்டரில் பார்க்கவே தயங்குபவர்களும் உண்டு. இரண்டாவது வகைக் குடும்பத்தில் அந்தத் தாய்க்கு என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆறுதல் வேண்டிய நேரத்தில் அவள் தலையில் ராசியைப் போடுகிறார்கள்.

37-இல் எடுத்துவிடலாமா?

குறைப்பிரசவத்தின் எல்லை 37 வாரம் என்றால், 37 முடிந்த மறுநாளே குழந்தை தயார் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனி அர்த்தமும் சேர்ந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அறுவை எப்படியும் உறுதி என்றானதும், பஞ்சாங்கம் திறக்கப்படுகிறது. நட்சத்திரம் சரியில்லை, அடுத்து மார்கழி வருகிறது, ஆகவே ஒரு வாரம் முன்னதாக எடுத்துவிடலாம் என்று பேச்சு போகிறது.

அந்த ஒரு வாரத்தின் விலை என்ன? 2009-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, முன்பே சிசேரியன் ஆகி, மறுபடியும் திட்டமிட்ட சிசேரியன் செய்துகொண்ட 13,000-க்கும் மேற்பட்ட தாய்மார்களைக் கணக்கில் எடுத்தது. மூச்சுத் திணறல், ரத்தச் சர்க்கரைக் குறைவு, தொற்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ப்பு போன்றவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்த குழந்தைகள்:

1. 37-ஆம் வாரத்தில் எடுத்தவர்களில் 15.3 சதவீதம்.
2. 38-ஆம் வாரத்தில் 11 சதவீதம்.
3. 39-ஆம் வாரத்தில் 8 சதவீதம்.

நிறைமாதத்தைப் பிரித்ததற்கு இப்படிப்பட்ட ஆய்வுகளே காரணம். வலி வராமலே எடுக்கும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. வயிற்றுக்குள் குழந்தையின் நுரையீரல் நீரால் நிரம்பி இருக்கும்; பிரசவ வலியின்போது சுரக்கும் ஹார்மோன்கள் அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளச் சொல்கின்றன. வலியே வராமல் வெளியே வந்த குழந்தைக்கு நுரையீரலில் நீர் தங்கி வேகவேகமாக மூச்சு வாங்கலாம். ஆகவே தாய்க்கோ குழந்தைக்கோ மருத்துவக் காரணம் இல்லாதபோது, திட்டமிட்ட சிசேரியனை 39 வாரம் முடியும் வரை தள்ளுவதே முறை. நல்ல நேரம் பார்த்தே தீர வேண்டும் என்றால் 39 முடிந்த பிறகு வரும் நாட்களில் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போகும் தாய்க்கு 37 வரை இழுப்பதே பெரிய விஷயம். சில சமயம் 32-லேயே எடுத்தால்தான் இருவரும் பிழைப்பார்கள். இரட்டைக் குழந்தை, வளர்ச்சி நின்றுபோன குழந்தை, கட்டுக்குள் வராத சர்க்கரை இவற்றிலும் மருத்துவர் முன்னதாகத் தேதி குறிப்பார். அதைப் போய் '39 வரைக்கும் இருக்கணும்னு படிச்சேன்' என்று மறுக்கக் கூடாது. 41 வாரம் முடிந்தும் வலி வராவிட்டால் வரவழைப்பதே நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் நஞ்சுக்கொடி தளரத் தொடங்கும்.

ஏன் முந்திக்கொள்கிறது

குறைப்பிரசவங்களில் ஒரு பகுதி, மேலே சொன்னதுபோல மருத்துவர் முடிவெடுத்துச் செய்வது. மற்றவை தானாக வருபவை: பனிக்குடம் முன்னதாக உடைவது, சிறுநீர்த் தொற்றோ கர்ப்பப்பைத் தொற்றோ இருப்பது, கர்ப்பப்பை வாய் குட்டையாகவோ தளர்வாகவோ இருப்பது, ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள், முன்பே ஒரு குறைப்பிரசவம் நடந்திருப்பது, இள வயதுக் கர்ப்பம், இரு கர்ப்பங்களுக்கு இடையே போதிய இடைவெளி இல்லாமை. கணிசமானவற்றில் காரணம் கடைசிவரை தெரிவதில்லை. 'பஸ்ல போனா, மாடி ஏறினா, அதான்' என்று தாயைக் குற்றவாளி ஆக்குவதற்கு இதில் இடமே இல்லை.

கர்ப்பப்பை வாய் தளர்வாக இருந்தால் தையல் போட்டுக் காக்கலாம். அந்தத் தையலை 1955-இல் உலகுக்குத் தந்தவர் மும்பை மருத்துவர் வி. என். ஷிரோத்கர்; இன்றும் அது அவர் பெயரில்தான் வழங்குகிறது.

37 வாரத்துக்கு முன்னால் விட்டுவிட்டு வயிறு கல்லாக இறுகுவது, இடுப்பில் இருந்து முன்பக்கம் பரவும் வலி, நீர் கசிவது, உதிரம் படுவது, தீராத தலைவலியோடு கண் மங்குவது, குழந்தை அசைவு குறைவது: இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காரணம் அடுத்த பகுதியில்.

ஒரு நாள் கிடைத்தால் என்ன செய்யலாம்

வந்துவிட்ட பிரசவ வலியைப் பல வாரம் நிறுத்திவைக்கும் மருந்து கிடையாது. ஒன்றிரண்டு நாள் தள்ள முடிந்தாலே பெரிது. அந்த நேரத்தில் செய்யக்கூடியவை மூன்று.

1. நுரையீரல் ஊசி. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரகாம் லிகின்ஸ் என்ற மருத்துவர் செம்மறி ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்த ஆடு மிக முன்னதாக ஈன்ற குட்டி, கணக்குப்படி மூச்சே விட்டிருக்கக் கூடாது. ஆனால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ராஸ் ஹோவியுடன் சேர்ந்து தாய்மார்களிடம் சோதித்து, 1972-இல் முடிவை வெளியிட்டார். 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவம் நெருங்கும் தாய்க்கு, குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்வதற்காகப் போடும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி இதுதான். 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. விலை மிகக் குறைவு, காப்பாற்றும் உயிர்கள் ஏராளம். ஆனால் நான்கும் போட நேரம் வேண்டும், வாரக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். முதல் ஸ்கேனின் அருமை இங்கே தெரியும்.
2. 32 வாரத்துக்கு முன்னால் என்றால் மெக்னீசியம் சல்ஃபேட். குழந்தைக்குப் பெருமூளை வாதம் வரும் வாய்ப்பைக் குறைக்கும்.
3. தாயைப் பிரசவத்துக்கு முன்பே தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு மாற்றுவது. குறைமாதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றை விட நல்ல ஆம்புலன்ஸ் கிடையாது.

இன்குபேட்டரும் அம்மாவின் நெஞ்சும்

1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் ஒரு பெரிய பிரசவ மருத்துவமனை. இன்குபேட்டர்கள் போதாமல் ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைகள் படுத்திருந்தன, தொற்று பரவியது. மருத்துவர் எட்கர் ரே குழந்தைகளைத் தாயின் வெறும் மார்பில், தோலோடு தோல் ஒட்ட, நிமிர்ந்த நிலையில் கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு பராமரிப்பு அப்படித்தான் பிறந்தது. குழந்தையின் சூடு நின்றது, பால் சுரந்தது, சாவு குறைந்தது.

வசதி இல்லாதவர்களின் மாற்று வழி என்றே வெகுகாலம் இதைக் கருதினார்கள். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு அதை மாற்றியது. ஒன்று முதல் 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளை, உடல்நிலை சீரடையும்வரை காத்திருக்காமல் பிறந்தவுடனே தாயின் மார்பில் சேர்த்தபோது, 28 நாட்களுக்குள் இறப்பது 25 சதவீதம் குறைந்தது. அம்மாவால் முடியாத நேரத்தில் அப்பாவோ பாட்டியோ சட்டையை அவிழ்த்து உட்காரலாம். பல மருத்துவமனைகளில் உட்காருகிறார்கள்.

உறிஞ்சத் தெரியாத குழந்தைக்குப் பால் முதலில் குழாய் வழியாகப் போகும். பிறகு வருவது நம் வீட்டுப் பாலாடை. மூக்கு வைத்த அந்தச் சிறு கிண்ணத்தைக் கீழுதட்டில் சாய்த்து வைத்து, குழந்தை நக்கி விழுங்கும் வேகத்துக்குக் காத்திருந்து, சொட்டுச் சொட்டாகப் புகட்டுவார்கள். புட்டியை விடக் கழுவுவது சுலபம், தொற்று குறைவு. வடநாட்டுச் செவிலியர் பயிற்சியிலும் 'பாலாடை' என்ற பெயரிலேயே சொல்லித்தருகிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

34 வாரத்துக்கு முன்னால், அல்லது 2 கிலோவுக்குக் கீழ் பிறந்த எல்லாக் குழந்தைக்கும் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன்னால் பிறந்தவர்களுக்கு அதற்கும் முன்பே. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாகப் படராமல் பிறந்த குழந்தைக்கு அவை தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கலாம். சரியான வாரத்தில் பார்த்தால் லேசரிலோ ஊசியிலோ நிறுத்திவிடலாம். தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது. குழந்தை நன்றாகப் பால் குடித்து எடை ஏறும் நேரம் என்பதாலேயே இந்தத் தேதி மறந்துபோகிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போதே தேதியைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வளர்ச்சியைப் பார்க்கும்போது இன்னொரு கணக்கு வரும். செப்டம்பர் 7-இல் பிறந்த நம் குழந்தைக்கு மார்ச் 7-இல் ஆறு மாதம். 'பக்கத்து வீட்டுப் பிள்ளை சாய்ந்து உட்காருது, இது இன்னும் இல்லையே' என்று பாட்டி கவலைப்படுவார். அவன் பிறந்திருக்க வேண்டிய தேதி அக்டோபர் 8. அங்கிருந்து எண்ணினால் ஐந்து மாதம்தான். குப்புற விழுவது, உட்காருவது, நடப்பது, பேசுவது எல்லாவற்றையும் இரண்டு வயதுவரை இந்தத் திருத்திய வயதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் இல்லை. 6, 10, 14 வார ஊசிகள் செப்டம்பர் 7-இல் இருந்தே எண்ணப்படும்.